வாயுள்ள பிள்ளையும் வழி தெரியாத ஊரும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது பழமொழி. சந்தைக்குப் போனால் வழி கேட்கலாம், விலை கேட்கலாம், விலையைக் குறைத்தும் கேட்கலாம். வாய் இருந்தால் போதும். ஆனால் வாய் இருந்தும் அந்த ஊர்ச் சொல் இல்லாதவன் என்ன செய்வான்? விடுதியில் ஓர் இரவு இதுவே விவாதமாக எழுந்தது. ஜப்பான் மொழியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாமல் ஜப்பானைச் சுற்றிப் பார்த்து வர முடியுமா என்பது பொருள். முடியாது என்றவர் பாதிப்பேர். கையில் போன் இருந்தால் செவ்வாய்க் கிரகத்தையே சுற்றி வரலாம் என்றவர் மீதிப்பேர். நான் மூன்றாவது கட்சி. முடியும், ஆனால் அது பயணியின் சாமர்த்தியத்தால் அல்ல, அந்த ஊரின் சாமர்த்தியத்தால் என்பது என் கருத்து. அன்றிரவு வார்டன் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டதால் முழுவதும் பேச இயலவில்லை. மலர்க் குழுவினர் இடம் தந்ததால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஜப்பானுக்குப் போனவன் அல்லன். ரயிலில் சென்னை வரை போனதே இரண்டு முறைதான். ஆகவே ஜப்பானைப் பற்றி எழுதுவது படித்தது. நம் கோவையைப் பற்றி எழுதுவது பார்த்தது.

நம் 247 எழுத்துகளைக் கண்டே மலைத்தவர்கள் உண்டு. ஜப்பானியக் குழந்தை ஹிரகானா 46, கதகானா 46 என்று இரண்டு வரிசைகளைக் கற்ற பின், சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளையும் கற்க வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அந்நாட்டு அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 காஞ்சி எழுத்துகள் உள்ளன. வாக்கியத்தின் அமைப்பு என்னவோ நமக்கு அந்நியமானது அன்று. வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வந்து நிற்கும். 'நான் தண்ணீர் குடித்தேன்' என்பதை அதே வரிசையில் அவர்களும் சொல்வார்கள். இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று நெடுங்காலம் எழுதினார். மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், டோக்கியோ ரயில் நிலையத்தில் வழி தெரியாமல் நிற்கும் தமிழனுக்கு அந்த ஆராய்ச்சி உதவப் போவதில்லை.

உதவுவது வேறு. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. உலகெங்கிலுமிருந்து வருபவர்களுக்கு ஜப்பானிய எழுத்து புரியாது. அத்தனை நாட்டு மொழிகளிலும் பலகை எழுதவும் இயலாது. அங்குள்ள ஓவியர்கள் கூடி, 20 விளையாட்டுகளுக்கும், கழிப்பறை, தொலைபேசி, உணவகம் போன்ற வசதிகளுக்கும் சொல்லில்லாத சின்னங்களை வரைந்தார்கள். அதன் பின் ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் அது வழக்கமாயிற்று. ஆறே ஆண்டுகளில் ஒசாகாவில் உலகக் கண்காட்சி. 1970 மார்ச் முதல் செப்டம்பர் வரை 6 கோடிக்கு மேற்பட்டோர் வந்து போனார்கள். 1973-இல் வெளியான 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில் நம் தாத்தாக்கள் வாய் பிளந்து பார்த்த கண்காட்சி அதுவே. இன்று நம் ஊர்த் திரையரங்குகளிலும் துணிக்கடைகளிலும் அவசர வழிக்கு மேலே பச்சை நிறத்தில் ஓடுகிறானே ஒரு மனிதன், அவனும் ஜப்பானில் பிறந்து உலகத்துக்கெல்லாம் பொதுவானவன்தான்.

இதோடு அவர்கள் நிற்கவில்லை. 2004-இல் டோக்கியோவின் சுரங்க ரயில் நிலையங்களுக்கெல்லாம் எண் கொடுத்தார்கள். கின்சா என்ற பாதைக்கு ஜி என்ற எழுத்தும் ஆரஞ்சு நிறமும். ஷிபுயா நிலையம் ஜி 01, மறுகோடியில் அசகுசா ஜி 19. பெயரைப் படிக்கத் தெரிய வேண்டாம், உச்சரிக்கத் தெரிய வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். உணவகங்களின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் சோறும் குழம்பும் மீனும் அச்சு அசலாகச் செய்து வைத்திருப்பார்கள், பக்கத்தில் விலையோடு. விரலை நீட்டினால் அந்தப் பண்டம் மேசைக்கு வரும். வழி தவறினால் பெரும்பாலான நிலையங்களின் அருகிலேயே சிறு காவல் சாவடி இருக்கும். அங்குள்ள காவலருக்கு வழி சொல்வதும் ஒரு வேலை.

விடுதியில் இதை நான் சொன்னபோது ஒரு நண்பன், 'இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம்' என்றான். அப்படியா? எங்கள் மாமா ஒருவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போகிறவர். போர் போடும் அந்த வண்டிகள் இந்தியாவில் போகாத மாநிலம் குறைவு. ஐந்தாம் வகுப்போடு நின்ற மாமா பத்துப் பன்னிரண்டு இந்திச் சொற்களை வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகளாக மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் சுற்றி வருகிறார். 'பானி, கானா, கித்னா, சீதா. வேறென்னடா வேணும் மனுசனுக்கு?' என்பார். தாபாவில் நேரே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்துக் கைகாட்டுவாராம். ஜப்பான்காரன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததும் மாமா மூடியைத் திறந்து பார்த்ததும் ஒரே தத்துவம் அல்லவா? மைல் கல்லில் ஊர்ப் பெயர் இந்தியில் இருக்கும். ஆனால் தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை பூசியிருந்தால் மாநில நெடுஞ்சாலை, கீழே கிலோமீட்டர் எண். நிறமும் எண்ணும் அவரை வீடு கொண்டு வந்து சேர்க்கின்றன.

இனி நம் ஊருக்கு வருவோம். உதகை மலை ரயிலைப் பார்க்க ஒரு வெளிநாட்டுப் பயணி கோவை சந்திப்பில் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற ரயில் அது. ரயிலில் இடம் கிடைக்காமல் பேருந்தில் போக நினைத்தால், உதகை வண்டி மேட்டுப்பாளையம் சாலை நிலையத்தில். பொள்ளாச்சி, பழனி என்றால் உக்கடம். திருச்சி, மதுரை என்றால் சிங்காநல்லூர். ஈரோடு, சேலம் என்றால் காந்திபுரம். காந்திபுரத்திலேயே டவுன் பஸ் ஒரு பக்கம், வெளியூர் பஸ் ஒரு பக்கம். இதை விளக்கும் ஒரு படம் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா? நாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். நமக்கு வாய் இருக்கிறது. வெள்ளைக்காரப் பயணிக்கும் ஒருவகையில் கவலையில்லை. அவர் திருதிருவென்று விழித்தால் நாலு பேர் ஓடி வந்து தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் செலவழித்து ஏற்றி விடுவார்கள். நானும் ஓடியிருக்கிறேன்.

என் கவலை வேறு இரண்டு பேரைப் பற்றியது.

ஒருவர் என் அம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறந்து வளர்ந்த மாவட்டத்தில், தாய்மொழி பேசும் ஊரில், காந்திபுரம் நிலையத்தில் அவர் நிற்கும்போது ஜப்பானில் நிற்கும் பயணிக்கும் அவருக்கும் அதிக வேறுபாடில்லை. தனியார் வண்டிகளை நிறத்தைப் பார்த்தும் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சாமி படத்தைப் பார்த்தும் கண்டுகொள்வார். அரசு வண்டி என்றால் பக்கத்தில் நிற்பவரிடம், 'ஏனுங் தம்பி, இது சூலூர் போற வண்டிங்களா?' என்று கேட்க வேண்டும். தலைக்கு மேலேயே பலகை இருக்க ஏன் கேட்கிறாய் என்பதுபோல் அந்தத் தம்பி ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்குப் பயந்தே அம்மா எத்தனையோ இடங்களுக்குத் தனியாகப் போனதில்லை. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மிக நல்ல திட்டம். ஆனால் எந்த வண்டியில் ஏறுவது என்று தெரிந்தால்தானே இலவசம் பயன்படும்? வண்டிக்கு எண் உண்டு. அம்மாவுக்கு ரூபாய் நோட்டின் எண்கள் தெரியும். அந்த எண்ணைத் தொலைவிலிருந்தே தெரியும்படி பெரிதாக எழுதி, எந்த எண் எந்த இடத்தில் நிற்கும் என்று குறித்தால் யாரையும் கேட்காமலே ஏறிவிடுவார்.

படிக்காதவருக்குச் சின்னம் என்பது நமக்குப் புதியதும் அன்று. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் எழுத்தறிந்தவர் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். அந்த மக்களை வைத்துக்கொண்டு 1951-52-இல் பொதுத் தேர்தல் நடத்த முடிந்ததற்கு வாக்குப் பெட்டியில் ஒட்டிய சின்னங்கள் பெரிய காரணம். மெக்சிகோ நகரத்தில் 1969-இல் சுரங்க ரயில் விட்டபோது, படிக்காத பயணிகளையும் எண்ணி ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் கொடுத்தார்கள். வாக்குக் கேட்கும்போது படிக்காதவரை நினைக்கிற நாம் பேருந்து விடும்போது மறந்து விடுகிறோம்.

இன்னொருவர் நான் சென்ற கோடை விடுமுறையில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலைக்குப் போனபோது உடன் வேலை செய்தவர். ஒடிசாக்காரர், என் வயதுதான். கம்பெனிகளுக்கு ஆள் வேண்டும், ஆகவே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரவழைக்கிறோம். வந்தவருக்குத் தமிழ் தெரியாது என்பது நமக்கு முன்பே தெரிந்த செய்தி. ஆனாலும் ரயிலை விட்டு இறங்கிய நாளிலிருந்து தமிழ் தெரியாதது அவருடைய குற்றமாகி விடுகிறது.

கொங்குத் தமிழ் மரியாதைத் தமிழ் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். வீட்டுக் குழந்தையைக்கூட 'வாங்க கண்ணு, சாப்புடுங்க' என்கிற ஊர் இது. அந்த 'ங்க' மொழி தெரியாதவரிடம் எங்கே போய்விடுகிறது? என் நண்பர் காதில் விழுந்த தமிழெல்லாம் 'வா, போ, எடு, சீக்கிரம், டேய்' என்பதுதான். அவர் கெட்டிக்காரர், ஆறு மாதத்தில் கேட்டதையெல்லாம் கற்றுக்கொண்டார். ஒரு நாள் வயதில் மூத்த மேஸ்திரியைப் பார்த்து மிகுந்த அன்போடு, 'நீ வா, டீ குடி' என்று அழைத்தார். மேஸ்திரி கையை ஓங்கிவிட்டார். நாலு பேர் சேர்ந்து விலக்க வேண்டியதாயிற்று. நாம் கற்றுக்கொடுத்த தமிழை அவர் நமக்கே திருப்பித் தந்தார், அவ்வளவுதான். அடுத்த நாள் முதல் பகலுணவு வேளையில் நான் அவருக்கு 'ங்க' சொல்லிக் கொடுத்தேன். அவர் எனக்கு ஒடியாவில் ஒன்று முதல் பத்து வரை சொல்லிக் கொடுத்தார்.

மொழி தெரியாதவரைச் சுற்றி மௌனம் சூழ்ந்தால் அந்த மௌனத்தில் எதுவும் முளைக்கும். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அது திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து விசாரித்தது. நம் காவல்துறை இந்தியில் விளக்கம் சொல்லி உதவி எண்களை அறிவித்தது. நல்ல காரியம். வதந்தி வந்த பிறகுதானா அவர்களுக்குப் புரியும் எழுத்தில் ஒரு தொலைபேசி எண் எழுத வேண்டும்?

இதைப் படிக்கும் தமிழ்த்துறை நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். பலகைகளில் இந்தியைப் புகுத்தச் சொல்கிறானோ என்று ஐயம் எழலாம். 1965-இல் மொழிக்காகப் படிப்பைத் துறந்து தெருவுக்கு வந்த மாணவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். அதில் எனக்கும் பெருமை உண்டு. நான் கேட்பது எண்ணும் படமும் நிறமும். இவை எந்த மொழியின் சொத்தும் அல்ல. டோக்கியோ நிலையத்தில் ஜி 01 என்று எழுதியதால் ஜப்பானிய எழுத்து ஒரு விரற்கடை சிறுத்துவிடவில்லை. மேலே தமிழ் பெரிதாகவே இருக்கட்டும். கீழே அதைப் படிக்க இயலாதவருக்கும் ஒரு வரி இருக்கட்டும். அந்த இயலாதவரில் என் அம்மாவும் உண்டு என்பதை மட்டும் மறவாதிருந்தால் போதும்.

போன் கட்சியினருக்கும் ஒரு சொல். பலகையைப் படம் பிடித்தால் போன் மொழிபெயர்த்துவிடும் என்பது உண்மையே. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு 'ஒண்டிப்புதூர் ஒண்டிப்புதூர்' என்று ஒரே மூச்சில் கூவுவதை எந்த போன் மொழிபெயர்க்கும்? அம்மாவிடம் இருப்பது பச்சைப் பொத்தானை அழுத்திப் பேசும் பழைய போன்.

ஊரைத் திருத்துவது மாநகராட்சியின் வேலை என்று விட்டுவிடலாம். நம் கல்லூரியைத் திருத்த யாரும் தடையில்லை. ஆண்டுதோறும் சேர்க்கை நாளில் வாசலில் பார்த்திருப்பீர்கள். மகளையோ மகனையோ அழைத்துக்கொண்டு, கையில் சான்றிதழ்ப் பையோடு, எந்தக் கட்டடம் எந்த அறை என்று தெரியாமல் வேப்பமரத்தடியில் நிற்கும் பெற்றோர் எத்தனை பேர்! பலகைகள் உண்டு. படிக்கத் தெரிந்தவருக்கு உண்டு. நம் கட்டடங்கள் ஐந்து. ஒன்று முதல் ஐந்து வரை ஆளுயர எண்கள், கட்டடத்துக்கு ஒரு நிறம், வாசலிலிருந்து கலந்தாய்வு அறை வரை தரையில் ஒரு மஞ்சள் கோடு, பணம் கட்டும் இடத்தில் ஒரு ரூபாய் நோட்டுப் படம். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடம் பேசிவிட்டேன், ஒப்புக்கொண்டார். நிறத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஐந்து லிட்டரும் கோட்டுக்குத் தனியாக இரண்டு லிட்டரும் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்கள் வரும் சேர்க்கைக்கு முந்திய சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேப்பமரத்தடிக்கு வாருங்கள்.