தோரோ கணக்கில் விடுபட்ட வாடகை

"இந்தச் சமூகமே வேண்டாம், காட்டுக்குப் போகிறேன்" என்பவர்கள் எல்லோரும் கை காட்டுவது அமெரிக்கர் தோரோவைத்தான். சரி, அவர் எழுதி வைத்த கணக்கையே புரட்டலாமே! 1845-இல் வால்டன் குளக்கரையில் போட்ட குடிசைக்கு 28 டாலர் 12½ சென்ட். ஆணிக்குக்கூடக் கணக்கு இருக்கிறது. நில வாடகைதான் இல்லை. நிலம் நண்பர் எமர்சனுடையது! காடு என்பதும் சும்மா... கான்கார்டு ஊர் ஒன்றரை மைல்தான், பக்கத்திலேயே ரயில் பாதை. (அப்படி ஒரு நண்பன் இல்லாதவன் எந்தக் காட்டுக்குப் போவானாம்?)

எளிமையாக வாழ்வதில் தப்பில்லை. அதைக் கலகம் என்பதுதான் அபத்தம். அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்கு வரி கட்டமாட்டேன் என்று 1846-இல் ஓர் இரவு சிறையில் கிடந்தாரே, அதுதான் கலகம். அன்று அவர் பிடிபட்டது குளக்கரையில் அல்ல. செப்பனிடக் கொடுத்த ஷூவை வாங்க ஊருக்குள் வந்தபோது.