ஆஃபர் லெட்டரில் அந்த ஒரு வரியைப் படிச்சீங்களா?

ராத்திரி கண் முழிச்சு வளர்த்த ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் ஒரு பக்கம், நல்ல சம்பளத்தில் வேலை ஒரு பக்கம். வேலைக்குப் போனா துரோகமா? இல்லைங்க. லினஸ் டோர்வால்ட்ஸ் 1997-ல் டிரான்ஸ்மெட்டாவில் சம்பளத்துக்குச் சேர்ந்தார், லினக்ஸ் நின்னுடல. நன்கொடையை நம்பி இஎம்ஐ கட்ட முடியாது.

என் கவலை ஒப்பந்தம்தான். வேலையில் இருக்கும்போது நீங்க எழுதுற கோட் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம்னு பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். ஞாயித்துக்கிழமை சொந்த லேப்டாப்பில் எழுதினதும் அதில் மாட்டலாம். "அதெல்லாம் பிரச்சனையில்ல"ன்னு ஹெச்ஆர் போன்ல சொன்னா நம்பாதீங்க. புராஜெக்ட் பேரைப் போட்டு விலக்கு எழுதி வாங்குங்க.

தரமாட்டேன்னா? கையில் ஆறு மாசச் செலவுக்குப் பணம் இருந்தா வேற ஆஃபர் தேடுங்க. கடன் கழுத்தை நெரிச்சா, புராஜெக்ட்டை இன்னொருத்தர்கிட்ட முறையா ஒப்படைச்சிட்டுச் சேருங்க.