வளையல் போட்டாச்சு, கூட நிற்கப்போவது யார்?

சென்னை காலடிப்பேட்டையில் ஒரு வளைகாப்பு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தாயாரிடம், “லேபர் வார்டுக்குள்ள இவகூட யாரு நிக்கப் போறீங்க?” என்று கேட்டேன். “உள்ள எங்க டாக்டரம்மா விடுறாங்க?” என்றார்.

விடுவார்கள். அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004இலேயே கொண்டுவந்துவிட்டது. இருபது ஆண்டு கழித்தும் சேதி இந்தப் பந்திக்கு வந்து சேரவில்லை.

உள்ளே விட்டால் மட்டும் போதாது என்பதையும் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஓரிடத்தில், மகளுக்கு வலி கூடக்கூட அம்மா அதைவிடச் சத்தமாக அழுதார். சிஸ்டர் அவரை வெளியே அனுப்ப, அந்தப் பெண் மிரண்டுபோனாள். இன்னொரு நாள் ஓர் அத்தை. ஒவ்வொரு வலிக்கும் உள்ளங்கையால் மருமகளின் அடியிடுப்பை அழுத்தித் தேய்த்தார். “வாயால ஊதும்மா, மெதுவா ஊது” என்றார். வலி விட்ட இடைவெளியில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார். ரகசியம் ஒன்றுமில்லை. செக்கப்புக்கெல்லாம் கூடவே வந்து, கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர்.

பயத்தில் சுரக்கும் அட்ரினலின் கர்ப்பப்பை சுருங்குவதைத் தடுமாறச் செய்யும். வலியையும் பெரிதாக்கிக் காட்டும். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கூடவே ஆள் இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்று தெரிந்தது. அதற்காக, சிசேரியன் ஆனால் தோற்றுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். ‘சுகப்பிரசவம்’ என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. மற்றது என்ன, துக்கப் பிரசவமா?

தலைப்பிரசவம் என்றால் எப்போது கிளம்புவது? பொய்வலி, நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். நிஜ வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்பலாம். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. வாசலில் மெட்ரோ வந்துவிட்டது, சந்தோஷம். ராத்திரி இரண்டு மணிக்கு அது ஓடாது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பைக்கில் உட்கார்த்தி அழைத்துப்போகவும் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மருத்துவமனையா வேறு இடமா என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வையுங்கள். கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் உள்ள தாய்-சேய் புத்தகம் பையில் முதலில் போகட்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும்.

பந்தியில் இதெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் தாயாரின் கண் கலங்கிவிட்டது. எதிரில் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்த அவர் தங்கைக்காரி, “அக்கா வேணாம், இங்கயே அழுவுது. நான் நிக்கிறேன்” என்றார். காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு வர முடியுமா என்றேன்.

“ஏவாரத்த முடிச்சிட்டு வந்துர்றேன். ராத்திரி வலி எடுத்தாலும் கவலையில்ல டாக்டரம்மா, ரெண்டு மணிக்கு எப்படியும் நான் முழிச்சிட்டுதான் இருப்பேன்.”

- கட்டுரையாளர், மகப்பேறு மருத்துவர்