ஒரு வாய்ச் சாயாவை மறைக்க வேண்டாம்

"வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது? ஒரு வாய்ச் சாயாதானே!" மின்னதிர்வுச் சிகிச்சைக்கு, அதாவது இ.சி.டி.க்கு, விடியற்காலையில் புறப்படும் வீடுகளில் எழும் குரல் இது. குளச்சலிலிருந்தோ கீரிப்பாறையிலிருந்தோ முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு எதுவும் கொடாதிருப்பது பெற்ற மனத்துக்கு எளிதன்று. ஆயினும் அந்த ஒரு வாய் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இன்றி இச்சிகிச்சை அளிப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. மயக்கம் சில நிமிடங்களே நீடிக்கும். ஆனால், அந்நேரத்தில் தொண்டையின் இயல்பான காவல் ஓய்ந்துவிடுகிறது. இரைப்பையில் இருப்பது மேலேறினால் நுரையீரலுக்குள் புகக்கூடும். அதனால்தான் பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன்பே உணவையும், 2 மணி நேரத்துக்கு முன்பே தண்ணீரையும் நிறுத்தச் சொல்கிறார்கள். பால் வயிற்றில் திரிந்து உணவைப் போலவே தங்கும்; ஆகவே பால் சேர்த்த சாயாவும் உணவுதான். உங்கள் மருத்துவர் குறித்த நேரத்தையே பின்பற்றுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை என்ன செய்வதென்று முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

சஷ்டி விரதமும் தவக்காலமும் ரமலான் நோன்பும் அறிந்த மண் நம்முடையது. எனினும் அவை நாமே விரும்பி ஏற்பவை. கடுந்துயரிலோ மறதியிலோ இருப்பவரிடம் இவ்விரதத்தின் பொறுப்பை விட்டுவிடுவது முறையன்று. வாரம் இரண்டு மூன்று முறையாக, பெரும்பாலும் 6 முதல் 12 முறை வரை சிகிச்சை தொடரும். நான்காம், ஐந்தாம் முறைகளில் வீட்டாரின் கவனம் தளர்வது இயல்பு. எனவே இரவு முதல் உடனிருந்து கவனிக்க வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

மருத்துவமனைக்கும் கடமை உண்டு. நேரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். காரணத்தையும் விளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "சாப்பிட்டுவிட்டார்" என்று உண்மை சொல்பவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. கடிந்துகொள்ளும் இடத்தில் உண்மை ஒளிந்துகொள்ளும்.

பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் வீணாகுமே என்று அஞ்சி மறைக்காதீர்கள். தள்ளிப்போன சிகிச்சையைப் பிறிதொரு நாள் பெறலாம்; போன உயிரைப் பெற இயலாது. கஞ்சியைத் தூக்குவாளியில் எடுத்து வாருங்கள். நோயாளி நன்கு விழித்தெழுந்து, செவிலியரும் சம்மதித்த பின், உங்கள் கையாலேயே கொடுங்கள்.