‘பார்க்கலாம்’ என்பதன் பொருள்

சென்னையிலிருந்து 2022 ஜூனில் சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியது. தில்லித் தமிழ்க் குடும்பமொன்று கைக்குழந்தையோடு அதில் செல்ல விரும்பும்போது, தாத்தாவும் பாட்டியும் ‘பார்க்கலாம்’ என்கின்றனர். இளையோர் அதை அச்சமென்று தள்ளிவிடுகின்றனர். வடிவத்தில் அச்சொல் இசைவு. வழக்கில், வாய்விட்டுக் கேட்கப்படாத கேள்விகளின் தொகுப்பு. கடலைக் காணுமுன் ஏறத்தாழ 2,180 கி.மீ. இரயில் பயணம், கீழ்ப்படுக்கை கிடைக்குமா? மூத்தோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. கூடுதல் செலவு யாருடையது? கப்பலில் உடல்நலம் குன்றினால்?

6 மாதம் நிரம்பாத குழந்தையைப் பல கப்பல் நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதை விசாரித்தறியும் குடும்பம், இவற்றை விசாரிப்பதில்லை. குழந்தையின் அழுகைக்குப் பொருள் தேடுவோர், முதியோரின் ஒற்றைச் சொல்லுக்கும் பொருள் தேடவேண்டும். பயணச்சீட்டு அதன் பின்னரே.