கட்டியவன் யார்?

ரஞ்சன்குடிக் கோட்டையை 17ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப்புக்குக் கீழிருந்த ஒரு ஜாகிர்தார் கட்டினாராம். கட்டினாராம்! மூணு அடுக்கு மதிலுக்கு அவர் ஒரு கல்லாவது தூக்கியிருப்பாரா?

1751இல் பக்கத்து வாலிகண்டபுரத்தில் சண்டை. சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரன் துணை, முகமது அலிக்கு இங்கிலீஷ்காரன் துணை. மறு வருசமே சந்தா சாகிப்பின் தலை போச்சு. செயிச்ச முகமது அலி வெள்ளைக்காரனுக்குக் கடன்பட்டே 1795இல் செத்தான். 1801இல் சீமை கம்பெனி கைக்குப் போனது. 1855இல் நவாப் பட்டமும் ஒழிந்தது. 1947இல் வெள்ளைக்காரனும் கப்பலேறினான். எல்லாவனும் போயிட்டான்.

இதே வட்டாரத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரமும் இருக்கு. கடாரம் வென்ற ராசேந்திரன் பெருமையை மேடைக்கு மேடை முழங்குறாங்க. அவன் அப்பன் ராசராசன் தஞ்சைப் பெரியகோயிலில் வெட்டிவைத்த கல்வெட்டில், வரி நீக்கிய நிலக் கணக்குக்குள்ளே பறைச்சேரி இருக்கு, தீண்டாச்சேரியும் இருக்கு. அந்த வரியை மட்டும் எந்த மேடையிலும் வாசிக்கக் காணோம். நாக்கு சுடுமோ என்னவோ.

13ஆம் நூற்றாண்டோடு சோழனும் முடிந்தான். பேரரசுகள் விழுந்த கதையை வருசம் பிசகாமல் ஒப்பிக்கிற அறிஞர்களே, சேரி எந்தப் படையெடுப்பில், எந்த வருசம் விழுந்துச்சு? சொல்லுங்க பாப்போம்.