மனசும் சம்பள ஒப்பந்தத்தில் ஏறட்டும்

பவர் டேபிள் தையல் யூனிட் நடத்தும் முதலாளிகளுக்கும், அவர்களுக்கு ஜாப் ஒர்க் கொடுக்கும் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கும், மாவட்ட நிர்வாகத்துக்கும், இ.எஸ்.ஐ. கழகத்துக்கும் திருப்பூர் சிறு யூனிட் தொழிலாளர்கள் வைக்கும் கோரிக்கைகள்.

1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. கூலி, பஞ்சப்படி, போனஸ் எல்லாம் கேட்டு வாங்கப் பழகியிருக்கிறோம். தூக்கத்தையும் நிம்மதியையும் கேட்டதில்லை. 2010-இல் திருப்பூரின் தற்கொலைகள் நாடு முழுக்கச் செய்தியானபோது, குடி, கடன், குடும்பச் சண்டை என்று காரணம் எழுதினார்கள். அந்தக் கடனும் சண்டையும் எந்த ஷிப்டில் தொடங்கின என்று கேட்டவர்கள் குறைவு.

ஷிப்மெண்ட் வாரத்தில் ஒன்றரை ஷிப்ட், அப்புறம் இரண்டு ஷிப்ட், கடைசியில் விடிய விடிய. சரக்கு தூத்துக்குடிக்குப் போன மறுநாள் "வேலை வந்தா போன் பண்றோம்" என்பார் கான்ட்ராக்டர். ஒரு வாரம் கண் எரிகிறது. அடுத்த வாரம் அடுப்பு எரிவதில்லை. 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020 ஊரடங்கிலும், 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோதும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டது பீஸ் ரேட்டில் தைப்பவர்தான். எனவே யோகா தினத்தன்று வாசலில் கட்டும் பேனர் எங்களுக்கு வேண்டாம். எங்கள் மனசைக் கெடுப்பது ஷிப்டும் சம்பளமும்தான். பேச்சு அங்கிருந்தே தொடங்கட்டும்.

முதல் கோரிக்கை: இரவு வேலை உண்டென்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லுங்கள். பால்வாடிக் குழந்தையை யார் கூட்டிவருவது என்று ஐந்து மணிக்கு மேல் அலைய முடியாது. வரமுடியாது என்பவரை மறுநாள் மெஷினை விட்டு எழுப்பக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம். அதன் இடத்தில் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. சிறு யூனிட் என்ற பெயரில் அதை ஒற்றையாக்காதீர்கள். விடிய விடிய தைத்தவருக்கு அடுத்த பகல் சம்பளத்தோடு ஓய்வு வேண்டும்.

இரண்டாவது: சனிக்கிழமைச் சம்பளம் சனிக்கிழமையே வேண்டும். குழுக் கடனும் தண்டலும் அந்த நாளைத்தான் பார்த்து நிற்கின்றன. கம்பெனி வாசலில் நிறுத்திக் கடன் வசூலிப்பதற்கு நிர்வாகம் இடம் கொடுக்கக் கூடாது. கந்துவட்டிக்கு எதிராக 2003 சட்டமும், கட்டாய வசூலுக்கு எதிராக 2025 சட்டமும் இருக்கின்றன. காவல் நிலையங்கள் இவற்றைப் பயன்படுத்தட்டும்.

இங்கே சிறு முதலாளியின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பவர் டேபிள் போட்டவர்களில் பலர் நேற்றுவரை எங்களோடு டைலராக இருந்தவர்கள். அவர்களுக்கும் ராத்தூக்கம் இல்லை. குறு, சிறு நிறுவனங்களின் பில்லை அதிகபட்சம் 45 நாளில் தீர்க்க வேண்டும் என்கிறது 2006 சட்டம். ஏற்றுமதிக் கம்பெனியில் பில் தேங்கினால், அந்தக் கோபம் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மேல் வசவாக விழுகிறது. 45 நாள் கெடுவை மீறும் கம்பெனிகளின் பட்டியலை மாவட்டத் தொழில் மையம் வெளியிட வேண்டும். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பீஸுக்கும் ஐந்து பைசா ஒதுக்கிப் பொதுநிதி தொடங்க வேண்டும். வேலை இல்லாத நாளுக்குப் பாதிக் கூலி அதிலிருந்து வரட்டும். தனியொரு சிறு யூனிட்டால் இதைத் தாங்க முடியாது என்று எங்களுக்கும் தெரியும்.

மூன்றாவது, சிகிச்சை. இ.எஸ்.ஐ.க்காக எங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். தகுதியுள்ளவர்களுக்கு மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்க்கு நீண்டகால நோய்ப்படி உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒட்டுங்கள். இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஞாயிற்றுக்கிழமையும் இருக்க வேண்டும். வாரநாளில் போனால் ஒரு நாள் கூலி போகும். பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள யூனிட்கள் இ.எஸ்.ஐ. வளையத்துக்குள் கட்டாயமாக வருவதில்லை. அங்கே வேலை செய்பவர்களுக்காக மாவட்ட மனநலத் திட்டக் குழு மாதம் ஒருமுறை அனுப்பர்பாளையம், நல்லூர், அவிநாசி பகுதிகளுக்கு வரட்டும். பத்துக்கு மேல் ஆள் வைத்துக்கொண்டு ஒன்பது பேரை மட்டும் பதிவேட்டில் காட்டும் யூனிட்களை இ.எஸ்.ஐ. கழகம் சோதிக்கட்டும்.

டாக்டர் சீட்டு காட்டினால் லீவு கொடுங்கள், என்ன நோய் என்று கேட்காதீர்கள். குணமாகி வருபவருக்கு அதே மெஷின், அதே ரேட். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம். அவரைப் "போலீஸ் கேஸ்" என்று மிரட்டி வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. 14416 என்ற இலவச மனநல உதவி எண் எந்த நேரமும் இயங்கும். அதைக் குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே எழுதி வையுங்கள்.

நான்காவது, வாய். பீஸ் ஆல்டரேஷன் வந்தால் பீஸைத் திட்டுங்கள், பெற்றவளை இழுக்காதீர்கள். பெண்களிடம் அத்துமீறினால் விசாரிக்க, பத்துப் பேருக்கும் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013 சட்டம். அந்தக் குழுவின் முகவரி ஒவ்வொரு யூனிட்டிலும் தெரியும்படி இருக்கட்டும். திண்டுக்கல்லில் 2021-இல் ஆடை ஆலைத் தொழிலாளியான இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, 2022-இல் தொழிற்சங்கமும் வெளிநாட்டு பிராண்டுகளும் இத்தகைய அத்துமீறலைத் தடுக்க ஒப்பந்தம் போட்டன. மெஷினில் உட்காரும் பெண்களே அங்கே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். அந்த ஏற்பாடு திருப்பூரின் ஒவ்வொரு லைனுக்கும் வேண்டும். ஹாஸ்டலில் தங்குபவர்களின் செல்போனை வாங்கி வைப்பது உடனே நிற்க வேண்டும். வடமாநிலத் தோழர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய பொய் வீடியோக்கள் அவர்களிடம் கிளப்பிய பயத்தை மறக்கவில்லை. அவர்கள் மொழி பேசும் ஆலோசகர் இல்லாத முகாமை முகாம் என்று நாங்கள் ஏற்க மாட்டோம்.

இந்தக் கோரிக்கைகளைத் தனி மனுவாக வாங்கி அலமாரியில் வைக்க வேண்டாம். உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திடும் சம்பள ஒப்பந்தத்தில், பஞ்சப்படிக்கு அடுத்த பிரிவாக இவை அச்சாக வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் பவர் டேபிள் டைலர், செக்கிங் பெண், ஹெல்பர் ஆகிய மூவருக்கும் நாற்காலி வேண்டும். அன்றைய ஷிப்ட் கூலியும் வேண்டும்.